தேராவுக்குப் போய்ச் சேராத டைனோசர்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். மூட்டுவலி வந்தது, சர்க்கரை வந்தது, காதும் கொஞ்சம் மந்தமானது. கோபம் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. அதிலும், நான் பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "இதை இப்படிப் பண்ணினா இன்னும் நல்லாயிருக்குமே" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவும், அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களாகவும் இருப்பது தற்செயல்தான் என்று என் கணவர் சொல்வார். (அதையும் பின்னால் வந்து நின்றுதான் சொல்வார்.)

இந்தக் கோபம் எனக்குத் துபாயில் பிறந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு டைனோசரால்.

அப்போது நாங்கள் பர் துபாயில் குடியிருந்தோம். என் கணவர் நடராஜன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஊரை இரண்டாகப் பிரிக்கிற கடற்கழியான கிரீக்குக்கு அக்கரையில், தேராவில் இருந்த ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். தினமும் காலையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆப்ராவில், அதாவது கிரீக்கைக் கடக்கிற மோட்டார் படகில், ஏறிப் போவேன். தற்காலிக ஆசிரியை என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்குப் போக வேண்டும். எந்த வகுப்பும் நம்முடையது இல்லை. அந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியாயிற்று. அறிவியல் கண்காட்சி முடிந்ததும் பெற்றோர் கமிட்டி கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவும் வேண்டும்.

கண்காட்சிக்கு வைக்க என்னிடம் நல்ல சரக்கு இருந்தது. புஜைரா போகிற வழியில், மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பாறைமலை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை நண்பர்கள் குடும்பங்களோடு அங்கே பிக்னிக் போனபோது, எல்லோரும் மலையடிவாரத்தில் பிரியாணியைச் சுற்றி உட்கார, நான் மட்டும் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தேன். காலடியில் கல்லாகிப்போன திருகு நத்தைகள்! கல்லாகிப்போன சிப்பிகள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனென்றால் நான் அரியலூர்க்காரி. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இதே மாதிரி நத்தைகளையும் சிப்பிகளையும் பார்த்திருக்கிறேன். டைனோசர்கள் பூமியில் இருந்த கடைசிக் காலத்தில் எங்கள் ஊரும் கடலுக்கடியில் கிடந்தது, இந்தப் பாலைவனமும் கடலுக்கடியில் கிடந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்கேயோ வந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரே கடலின் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கிடைத்தவற்றில் உயர்ந்தவை இரண்டு கடல் முள்ளெலிகள். முள்ளெல்லாம் உதிர்ந்து, ஓடு மட்டும் உருண்டையாக, எலுமிச்சம்பழ அளவில் கல்லாகியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஐந்து இதழ்களோடு ஒரு பூ செதுக்கியது மாதிரி இருக்கும். ஒரு சிராய்ப்புக் கிடையாது. அந்த இரண்டையும் என் நகைப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தேன். (நகைகளை அரிசி டப்பாவுக்கு மாற்றினேன்.)

என் திட்டம் எளிமையானது. ஒரு மேசை. அதன்மேல் ஒரு தட்டில் மணல் பரப்பி, மணலில் இந்தக் கற்கள். பின்னால் சுவரில், உயிர்கள் எப்படிப் படிப்படியாக மாறி வந்தன என்று ஒரு சார்ட். கண்ணுக்குத் தெரியாத உயிரில் தொடங்கி, சிப்பி, மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று வரைந்து வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு வசந்தா. குரங்கு மட்டும் வேண்டாமே, ப்ளீஸ். பேரன்ட்ஸ் ஏதாவது சொல்லுவாங்க" என்றார். பரிணாமத்தை யானையோடு நிறுத்திக்கொண்டேன். முதல் கோபம். விழுங்கினேன்.

இரண்டாவது கோபம் சபாபதி சார் உருவத்தில் வீட்டுக்கே காபி குடிக்க வந்தது. அவர் என் கணவருடைய மேனேஜர். பெற்றோர் கமிட்டியின் தலைவரும் அவர்தான். இந்த இரண்டு பதவியும் ஒரே ஆளிடம் இருந்ததை நான் பாக்கியம் என்று நினைத்திருந்தேன்!

கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாரும்மா, இந்த ஊரே கல்லும் மண்ணும்தான். இதைப் பாக்கறதுக்கு எவன் தனியா எக்ஸிபிஷனுக்கு வருவான்? சயின்ஸ்னா ஒரு கிராண்ட் லுக் வேணும். பேசாம ஒரு டைனோசர் பண்ணிடு."

"சார், இந்தக் கல்லெல்லாம் கடல்ல இருந்தது. டைனோசர் தரையில இருந்த பிராணி. இந்தப் பக்கத்துல அதோட எலும்பு கிடைச்சதா நான் எங்கயும் படிக்கல."

"துபாய்ல மாம்பழம் காய்க்குதா? நாம திங்கலையா?"

என் கணவர் சிரித்தார். மேனேஜர் சொன்னதற்குச் சிரிக்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே சகித்திருக்கக் கூடாது. ஆனால் எனக்கு வேலை வேண்டும். "சரி சார், சின்னதா ஒண்ணு பண்ணி மேசை மேல வெக்கிறேன்" என்றேன்.

அந்த "சின்னதா" என்ற சொல்தான் என் டைனோசர் விஷயத்தில் நான் எடுத்த கடைசி முடிவு.

மறுநாள் என் கணவர் ஆபீசிலிருந்து ஒரு சுருளைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். டைனோசரின் பிளான், எலிவேஷன், செக்‌ஷன். வீடு கட்டுவதற்குப் போடுவது போலவே டிராயிங் போட்டிருந்தார். வயிற்றுக்குக் குறுக்கே வெட்டி உள்ளே கம்பி எப்படிப் போகிறது என்றுகூட இருந்தது. வலது கீழ் மூலையில் வழக்கமான கட்டம். வரைந்தவர், நடராஜன். சரிபார்த்தவர், சபாபதி. ஒப்புதல் அளித்தவர், சபாபதி.

"என் பேர் எங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு இதுல கட்டம் இல்லையேம்மா" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

கம்பெனியின் யார்டு கிரீக்கை ஒட்டி, எங்கள் பக்கக் கரையில் இருந்தது. அங்கேதான் டைனோசர் எழுந்தது. கம்பியும் வலையும் வெல்டிங் செய்தது செல்வின் என்ற பையன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன், கடலில் வளர்ந்தவன், எதற்கும் சிரிப்பான். கம்பிவலையின் மேல் சாக்கு, சாக்கின் மேல் மைதாப் பசையில் நனைத்த பழைய செய்தித்தாள், அதன்மேல் பெயின்ட். நான் பள்ளிக்கூடம் முடிந்து போய்ப் பார்க்கும்போதெல்லாம் அது வளர்ந்திருக்கும். ஸ்கேல் பத்தவில்லை என்று கழுத்தை நீட்டினார்கள். கழுத்து நீண்டதால் பேலன்ஸ் இல்லை என்று வாலை நீட்டினார்கள். வால் நீண்டதால் வயிறு ஒல்லியாகத் தெரிகிறது என்று வயிற்றைப் பெருக்கினார்கள்.

நான் புத்தகத்திலிருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். "என்னங்க, இது இலை தழை தின்ன பிராணி. எதுக்கு இதுக்குக் கோரைப்பல்?"

"பல்லு இல்லேன்னா பசங்க எப்படி வசந்தா பயப்படுவாங்க?"

"எதுக்குப் பயப்படணும்? இது பாடம்!"

"எக்கா, ஒரு நாக்கும் வச்சிருக்கேன், பாத்தியளா?" என்றான் செல்வின். சிவப்புத் தார்ப்பாயில் வெட்டி, இரண்டாகப் பிளந்த நாக்கு. "நம்ம ஊரு உடும்பு மாதிரில்லா இருக்கு!"

யார்டில் புல்டோசருக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ட் தவிர வேறு பெயின்ட் இல்லை. ஆகவே டைனோசர் மஞ்சள். எம்.எஸ்ஸி.யில் ரேங்க் வாங்கிய நான், புல்டோசர் நிறத்தில் உடும்பு நாக்கோடும் புலிப்பல்லோடும் நின்ற அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த வசந்தாவின் இரண்டு கன்னத்திலும் அறையலாம் போலிருக்கிறது. கண்காட்சி முடியட்டும், வேலை கையில் வரட்டும், அப்புறம் எல்லாரையும் கவனித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அசடு.

கண்காட்சி வெள்ளிக்கிழமை காலையில். வியாழக்கிழமையே என் மேசையைப் பள்ளிக்கூடத்தில் அலங்கரித்துவிடலாம் என்று நகைப்பெட்டியைத் திறந்தால், பஞ்சு இருக்கிறது, கடல் முள்ளெலிகளைக் காணோம்!

வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அரிசி டப்பாவைக் கொட்டினேன். கணவரும் கூடவே தேடினார். கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அலமாரியை நகர்த்தினார். "பதறாத வசந்தா, எங்க போயிடும், கிடைக்கும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். கிடைக்கவில்லை. மீதிக் கற்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தட்டில் நடு இடம் மட்டும் காலி.

வெள்ளிக்கிழமை காலையில் யார்டுக்குப் போனோம். பாலம் வழியாக டைனோசரை ஏற்றிப் போவதற்கு இருந்த கம்பெனி பிக்கப் வண்டியை, சிறப்பு விருந்தினருக்கு சோபா கொண்டுவர என்று சபாபதி சார் எடுத்துப் போய்விட்டார். போன பிக்கப் திரும்பவில்லை. "எதிர்க்கரைதானே, ஆப்ராவுல ஏத்திக் கொண்டுபோயிடலாம்" என்றார் என் கணவர். சரி என்று செல்வின் தார்ப்பாயை உருவினான்.

டைனோசர் என்னைப் பார்த்தது. ஐந்து இதழ்ப் பூக் கண்களால் பார்த்தது.

"என்னங்க இது?"

"சர்ப்ரைஸ்!" என்றார் என் கணவர்.

"நேத்து என்கூடக் கட்டிலுக்கு அடியில தேடினீங்களே!"

"சர்ப்ரைஸ்னா அப்படித்தானே வசந்தா? சார் ஐடியா. கண்ணு இல்லாம மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல. கோலிகுண்டு வெச்சுப் பாத்தோம், சின்னதாப் போச்சு. இது என்னமா செட் ஆயிடுச்சு பாரு!"

கோடிக்கணக்கான வருடங்கள் கடலுக்கும் மலைக்கும் தப்பி, ஒரு கீறல்கூட விழாமல் என் கைக்கு வந்த பொருள்! அதை மைதா மாவுக் கழுத்தின் முனையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நேராகப் போய்க் கண்ணைப் பிடித்து இழுத்தேன்.

"எக்கா, வேண்டாம்! பைப்புக்குப் போடுத கம்ம வச்சு ஒட்டியிருக்கு. இழுத்தியள்னா மூஞ்சியோட வந்துரும்" என்றான் செல்வின்.

"மூஞ்சி வந்தா வரட்டும்!"

"சீஃப் கெஸ்ட் வந்துடுவார் வசந்தா. முடிஞ்சதும் நானே உளி வெச்சு அலுங்காம எடுத்துத் தரேன்" என்று என் கணவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மறுபடியும் பல்லைக் கடித்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் கடித்த கடியில் என் பற்கள் மிஞ்சியதே ஆச்சரியம்.

ஆப்ரா ஓட்டியவர் ஒரு வயதான பலூச்சிக்காரர். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"யே க்யா ஹை பாய்? ஊண்ட்?" ஒட்டகமா என்று கேட்கிறார்.

"நஹி பாய். டைனோசர்" என்றார் என் கணவர்.

"ஜிந்தா ஹை?" உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறார்.

"மர் கயா. பஹுத் பஹலே." செத்து ரொம்ப நாளாயிற்றாம்.

"அச்சா, அச்சா" என்று பெரியவர் துக்கம் விசாரிப்பது போலத் தலையாட்டிவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

படகின் குறுக்கே அதைக் கிடத்தினோம். வயிறு நடுவில், வால் வலது பக்கம் தண்ணீருக்கு மேல், கழுத்து இடது பக்கம் தண்ணீருக்கு மேல். மற்றப் பயணிகள் டைனோசரின் கால்களுக்கு நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துபாய் அப்போது தினம் ஒரு புதுச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். இதையும் ஏதோ மெஷின் என்று நினைத்திருப்பார்கள். நான் கழுத்துப் பக்கம் உட்கார்ந்து கண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் கணவர் வாலுக்குக் காவல், செல்வின் வயிற்றுக்குக் காவல்.

நடுக் கிரீக்கு வரை ஒரு குறையும் இல்லை. தேரா கரையில் பெரிய மரக்கப்பல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே சந்து மாதிரி வழி விட்டு ஆப்ராக்கள் போகும். கரையில் சஃபாரி சூட்டும் கேமராவுமாக சபாபதி சார் நின்றுகொண்டிருந்தார். படம் எடுக்க வந்தாராம். படத்தை எடுத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். டைனோசரை இறக்குவதற்கு வசதியான இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"லெஃப்ட்! லெஃப்ட்ல வாங்க! யல்லா, யல்லா, லெஃப்ட்!" என்று கையை ஆட்டினார்.

அவர் எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கை போனது அவருடைய இடது பக்கம். வாய் சொன்னது லெஃப்ட். படகோட்டிப் பெரியவர் கையைப் பார்க்கவில்லை, வாயைக் கேட்டார். எங்கள் லெஃப்டில் திருப்பினார்.

அங்கே ஒரு மரக்கப்பலின் கயிறு கரைக்கு இழுத்துக் கட்டியிருந்தது. கழுத்து அதற்கு மேலே போனது, தாடை கயிற்றில் மாட்டியது. படகு நிற்கவில்லை. படகு போகப் போக டைனோசர் மெதுவாக எழுந்து நின்றது. எழுந்து, படகின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றியது. பயணிகள் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். வாலுக்குக் காவல் இருந்தவர் குனியவில்லை, கட்டிப் பிடித்தார். டைனோசர், வால், வாலில் என் கணவர், எல்லாம் சேர்ந்து தண்ணீரில் விழுந்தது.

உள்ளே காலியான கம்பிக்கூடு, அதனால் உடம்பு மிதந்தது. அதைக் கட்டிக்கொண்டு என் கணவரும் மிதந்தார். ஆனால் கயிறு இழுத்த இழுப்பில் கழுத்து முறிந்து, தலை மட்டும் தனியாகப் பிரிந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு பூக்கண், இரண்டு பூக்கண்.

நான் எழுந்து நின்று, இத்தனை நாள் பல்லுக்குள் வைத்திருந்த அத்தனை ஆத்திரத்தையும் திரட்டிக் கத்தினேன்.

"கண்ணு! ஐயோ, கண்ணு! என் கண்ணு போகுதே! யாராவது பிடிங்களேன்! கண்ணு!"

தேரா கரை முழுக்க அது கேட்டது. நம்மவர்கள் கடைகள் அந்தக் கரையில் நிறைய. மசாலாக் கடை வைத்திருந்த கீழக்கரைப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து ஓடி வந்தார். எல்லோரும் பார்த்தது இதுதான். தண்ணீரில் ஒரு புருஷன். படகில் ஒரு பெண்டாட்டி. "கண்ணு, கண்ணு" என்று மாரில் அடித்துக்கொண்டு கதறுகிறாள்!

"பயப்படாதிய எக்கா! அண்ணாச்சிய நான் பாத்துக்கிடுதேன்!" என்று செல்வின் பாய்ந்தான்.

"அவரை விடுடா! கண்ணை எடுடா!"

"அண்ணாச்சியத்தான் எடுக்கேன்!"

மிதக்கிறவரை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? ஆனால் செல்வின் காப்பாற்றினான். கழுத்தில் கைபோட்டு, மெனக்கெட்டு, மெதுவாக நீந்திக் கரைக்குக் கொண்டுவந்து படியில் உட்காரவைத்து முதுகைத் தட்டினான். கரையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்குள் தலை எங்கேயோ போய்விட்டது.

மைதாப் பசைக்கு மீன்கள் வந்தன. மீன்களுக்குக் கடற்புறாக்கள் வந்தன. டைனோசரின் வயிற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்து அவை செய்தித்தாளைக் கிழித்துத் தின்றன. சபாபதி சார் அதைப் படம் எடுத்தார். நான் கரைக்கு வந்ததும் செல்வினைப் பிடித்து உலுக்கி, எந்தக் கண் என்று விளக்கிச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. மறுபடி குதித்தான். முங்கி முங்கித் தேடி, தலையின் கம்பிக்கூட்டை இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு கண் இருந்தது. இன்னொன்று பிய்ந்து போயிருந்தது. திரும்பத் திரும்ப இறங்கினான். கடைசியில் இரண்டு கை நிறையச் சேற்றோடு வந்து நின்றான்.

"கெடைக்கலக்கா. அடியில ஒரே சேறு."

அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எனக்கு அது இன்னும் கோபமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நான் போனபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் டைனோசர் மூஞ்சித் துண்டோடு ஒரு கல். எனக்கு முன்னால் ஓடிவந்துவிட்ட சபாபதி சார் மைக்கைப் பிடித்திருந்தார். சிறப்பு விருந்தினர் சோபாவில் இருந்தார். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், நாங்கள் கட்டிய டைனோசர், சற்று முன்னால், தான் பிறந்த கடலுக்கே திரும்பிப் போய்விட்டது" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குள் ஏதோ அறுந்தது. நேராகப் போய் மைக்கை வாங்கினேன். (பிடுங்கினேன் என்று அவர் பிற்பாடு கமிட்டியில் சொன்னார்.)

"டைனோசர் கடல்ல பிறக்கல சார்! கடல்ல பிறந்தது இது!" என்று கல்லைத் தூக்கிக் காட்டினேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் கடல் என்றேன். இந்தச் சின்ன உயிர் அந்தக் கடலின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது டைனோசர்கள் வேறு எங்கோ தரையில் நடந்துகொண்டிருந்தன என்றேன். அவை போயின, கடல் போயிற்று, இது மட்டும் கல்லாகி மலைமேல் உட்கார்ந்து காத்திருந்தது, யாராவது வந்து பார்ப்பார்கள் என்று, வந்து பார்த்தவர்கள் இதை எடுத்து பொம்மைக்குக் கண் வைத்தார்கள் என்றேன். இதற்குப் பல்லும் கிடையாது, நாக்கும் கிடையாது, மஞ்சள் பெயின்டும் கிடையாது, அதனால்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றேன். சார்ட்டில் யானைக்கு அப்புறம் வர வேண்டிய குரங்கு ஒன்று உண்டு, அதுதான் நாம் என்றும் சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "மிஸ், கேன் ஐ டச் இட்?" என்று கேட்டாள். கொடுத்தேன். கல் கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரைக்கும் போய்ச் சிறப்பு விருந்தினரிடம் வந்தது. அவர் பூவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குழந்தையிடம் கொடுத்தார். அன்று பகல் முழுவதும் என் மேசையைச் சுற்றிக் கூட்டம் கலையவில்லை.

இதனால் எனக்கு வேலை கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. களிமண்ணில் எரிமலை செய்து, வாயில் சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைத்த டீச்சருக்கு அந்த இடம் போயிற்று. அவர் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை, எரிமலையும் சொன்ன நேரத்தில் பொங்கியது.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சபாபதி சார் என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

"டிராயிங்கை எடுத்து அவர் டேபிள் மேல விரிச்சேன். 'இதுல வசந்தா பேரே இல்லையே சார். வரைஞ்சது நான், செக் பண்ணினது நீங்க, அப்ரூவ் பண்ணினதும் நீங்க. அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?'னு கேட்டேன்."

"அதுக்கு அவர்?"

"சுருட்டி எடுத்துட்டுப் போன்னார். இந்த வருஷ இன்க்ரிமென்ட்டையும் சுருட்டிடுவார்னு நினைக்கிறேன்." (சுருட்டினார்.)

அன்றைக்கு ஒரு வேளை மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அடுத்த வருடம் எரிமலை டீச்சரின் கணவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்து அவர்கள் மங்காஃபுக்குப் போய்விட்டதால், அந்த நிரந்தர இடம் எனக்கே வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஆனால் கீழக்கரைப் பெரியவர் விடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மசாலா வாங்கப் போனால், "வாங்க தம்பி! உங்க வீட்டம்மா மாதிரி புருஷன் மேல உசுரா இருக்குற பொம்பளையப் பாக்கவே முடியாது. கண்ணு, கண்ணுன்னு என்னமாக் கதறிட்டாங்க!" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு ஏலக்காய் கொஞ்சம் கூடப் போடுவார். என் கணவர் மறுத்ததே இல்லை. தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்து ஏலக்காயை வாங்கிக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று கொதிப்பேன். கடைத்தெரு முழுக்க அவருக்கு "கண்ணு சார்" என்று பெயர் வந்தது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அவர்களுக்கு அம்மா கோபமாக இருக்கும்போது கேட்க ஒரு கேள்வி கிடைத்தது: "அப்பாவை ஒரு தரம் கண்ணுன்னு கூப்பிடும்மா!" மருமகன், மருமகள் எல்லோருக்கும் நிச்சயதார்த்தத்தன்றே இந்தக் கதை சொல்லப்பட்டது. பேரன் பேத்திகள் ஆங்கிலத்தில் கேட்டுச் சிரிக்கிறார்கள். எத்தனை தரம் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. நான் கூப்பிட்டது கல்லை!

அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். அச்சில் வந்துவிட்டால் ஒரு முடிவு கட்டிய மாதிரி இருக்கும் அல்லவா? எழுதி முடித்ததும் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தார். பின்னால் வந்து நிற்கவில்லை, யோசனை எதுவும் சொல்லவில்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க வசந்தா. கண்ணுன்னு கத்தினது கல்லைத்தான். அது எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"ஒண்ணு விட்டுட்டியே. நான் கையை விட்டுட்டு ஒரு தரம் முழுசா உள்ள போனேன். அப்ப மேல இருந்து 'ஐயோ, என்னங்க!'ன்னு ஒரு சத்தம் கேட்டுது. கல்லை யாராவது 'என்னங்க'ன்னு கூப்பிடுவாங்களா?"

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வந்தாலும் எழுதுவதாக இல்லை.